காலடிப்பேட்டை சொல்லும் பாடம்: கைத்தறிக்குத் தேவை விழாவா, கூலியா?

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் போகும் மெட்ரோவில் 'காலடிப்பேட்டை' என்றொரு நிலையம் வரும். தினமும் அதைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அது நெசவாளர்களுக்காகவே உருவான ஊர் என்று?

யார் உருவாக்கியது?

1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்தவர் ஜோசப் காலெட். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இங்கே முக்கியச் சரக்கே துணிதான். தறி பக்கத்திலேயே இருந்தால் கப்பலுக்குச் சரக்கு நேரத்துக்கு வரும். அதனால் நெசவாளர்களையும் துணியில் வண்ணம் தீட்டுவோரையும் திருவொற்றியூரில் குடியமர்த்தினார். 'காலெட் பேட்டை' மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது. 1734-ல் சிந்தாதிரிப்பேட்டை உருவானதும் இதே கணக்கில்தான்.

பிறகு என்ன ஆச்சு?

இந்தியத் துணி தங்கள் தொழிலைக் கெடுக்கிறது என்று இங்கிலாந்து நெசவாளர்கள் போராட, அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவே அங்கே 1721-ல் தடை வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஆலைத்துணி இங்கேயே வந்து இறங்கியது. தறியை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தது ஆர்டர். ஆர்டர் போனதும் மிஞ்சியது பெயர்தான்.

இன்றைய நிலை?

முதல் தேசியக் கைத்தறி தினம் 2015 ஆகஸ்ட் 7 அன்று சென்னைப் பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் 35.22 லட்சம், 1995-ல் அது 65 லட்சத்துக்கு மேல். நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. பாவு ஓட்டுவது, கஞ்சி போடுவது, தார் சுற்றுவது என்று வீடே சேர்ந்து உழைக்கும். கூலி என்னவோ நெய்த துணிக்கு மட்டும்தான். இதைப் பார்த்து வளரும் பிள்ளை தறியில் உட்காருமா?

என்ன செய்யலாம்?

சேலை, வேட்டி உட்பட 11 வகைத் துணிகளைக் குறிப்பிட்ட முறைகளில் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம் என்று 1985-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. விசைத்தறித் துணி 'கைத்தறி' என்று விற்கப்படும் வரை அந்தச் சட்டத்துக்கு மதிப்பில்லை. சோதனை கடுமையாக வேண்டும். நூல் விலை ஏறும்போது நெசவாளர் கூலியும் ஏற வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் துணிக்கான பணத்தைத் தாமதமில்லாமல் கொடுக்க வேண்டும். வாங்குகிற நாமும் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேட்டு வாங்கலாம்.

ஆண்டுக்கு ஒரு நாள் கைத்தறி உடுத்திப் படம் போடுவது தப்பில்லை. ஆனால் தறியை ஓட வைப்பது கைத்தட்டல் இல்லை, கட்டுப்படியாகும் கூலி. அது கிடைக்காவிட்டால் இன்றைய நெசவாளர் ஊர்களும் நாளைக்கு வெறும் ஸ்டேஷன் பெயர்களாகத்தான் மிஞ்சும்.