பதில் எனக்குத் தெரியும், சார்

வகுப்பில் என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. 'ஏழரை' என்பார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021-இல் சட்டம் போட்டுக் கொடுத்த 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் பொறியியல் படிக்க வந்தவள் நான். இவர்களுக்கு அது சனி பிடித்த கணக்காக இருக்கிறது. போகட்டும், பசங்கள் அப்படித்தான். என் வயிறு எரிவது உங்களால்தான் சார்.

வைவாவில் டையோடு பற்றிக் கேட்டீர்கள். மின்னோட்டம் ஏன் ஒரு பக்கமாக மட்டும் பாய்கிறது என்று பிளஸ் டூவிலேயே படம் போட்டு எழுதியவள் நான். தமிழில் மளமளவென்று ஓடியதை ஆங்கிலத்தில் கோத்துக்கொண்டு, 'வென் தி பி சைடு...' என்று ஆரம்பித்தேன். அடுத்தது 'இஸ்'ஸா 'ஆர்'ரா என்று ஒரு மூச்சு தயங்கினேன். அதற்குள் 'நெக்ஸ்ட்' என்றுவிட்டீர்கள். ரெக்கார்டு நோட்டில் 'நாட் ப்ரிப்பேர்டு' என்று வேறு எழுதினீர்கள். ராத்திரியெல்லாம் அகராதியும் கையுமாக உட்கார்ந்திருந்தவளைப் பற்றி அப்படி எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

"ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து இங்கிலீஷ் படிச்சியே, என்னத்தக் கிழிச்சே?" என்றீர்கள். சொல்கிறேன். டீச்சர் ஒரு வரி வாசிப்பார், அர்த்தத்தைத் தமிழில் சொல்வார், விடையைப் போர்டில் எழுதிப் போடுவார். நாங்கள் பார்த்து எழுதுவோம். மனப்பாடப் பாட்டு, குறிப்பை வைத்துக் கதை, ஆக்டிவ் வாய்ஸைப் பாசிவ் வாய்ஸாக்கு. மார்க்கும் வாங்கினோம். வாயைத் திறந்து பேசு என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. டீச்சரைக் குறை சொல்லமாட்டேன். ரிசல்ட் குறைந்தால் அவரைத்தானே நிற்க வைத்துக் கேட்பார்கள்!

இங்கே வந்ததும் பிரிட்ஜ் கோர்ஸ் வைத்தீர்கள். என்ன நடத்தினீர்கள்? அதே ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ். இந்தத் தடவை புரொஜெக்டரில்.

'தமிழ்லயே படிக்க வேண்டியதுதானே' என்று ஸ்டாஃப் ரூமில் சிரித்தது என் காதில் விழுந்தது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ்வழியில் தொடங்கியது சிவிலும் மெக்கானிக்கலும்தான். நான் படிப்பது எலெக்ட்ரானிக்ஸ். எங்கே போகச் சொல்கிறீர்கள்?

ஃபீஸை அரசாங்கம் கட்டிவிடுகிறது. உங்களிடம் காசா கேட்டேன்? புதுப் பாடம் எடுக்கும்போது விஷயம் இன்னதென்று ஐந்து நிமிடம் தமிழில் சொல்லுங்கள். கேள்வி கேட்டால் பதிலுக்குக் கொஞ்சம் காத்திருங்கள். வாக்கியம் வராவிட்டால் படம் வரைந்து காட்ட விடுங்கள். என் பாடம் எனக்குத் தெரியுமா, இங்கிலீஷ் தெரியுமா, எதற்கு மார்க் போடுகிறீர்கள் என்பதையாவது தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த வாரம் என் செமினார். திக்குவேன், கிராமர் தப்பும். திருத்துங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. நான் பேசி முடித்த பிறகு திருத்துங்கள்.