அந்தப் பத்து நிமிடத்தைத் திருப்பித் தாருங்கள்

எங்கள் பிள்ளைகள் தோற்றுவிட்டதாக மறுநாள் காலையிலேயே முகநூலில் போட்டுவிட்டார்கள். மேடையில் அதிதிகள் வரிசையாக நிற்கிற படம், நடுவில் கிண்ணம், கீழே "விறுவிறுப்பான இறுதிப் போட்டி" என்று ஒரு வரி. எத்தனை கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள் என்பது மட்டும் அதில் இல்லை. எப்படி இருக்கும்? ஆட்டத்தை நிறுத்தியபோது கணக்கு 2–2. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் இறுதிப் போட்டியை ஒரு நாணயத்தைச் சுண்டிவிட்டுத் தீர்த்தார்கள். அதை எழுத அவர்களுக்கே கை வரவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

நான் அந்த அணியைப் பழக்குகிறவன். ஏற்பாட்டுக்குழுவின் பெயரையோ, மைதானத்தின் பெயரையோ, எதிரணியின் ஊரையோ இங்கே சொல்லப்போவதில்லை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கிற கரை இது. எல்லைப் பேச்சு எந்த நேரமும் கொதித்துக்கொண்டே இருக்கும். ஊரின் பெயர் வாயில் வந்தால் உடனே ஊர்ச் சண்டையாகிவிடும்; பிள்ளைகளுக்கு நடந்த அநியாயம் அதற்குள் அமுங்கிப்போகும். எனக்கு அந்தச் சண்டை வேண்டாம். எனக்கு வேண்டியது நியாயம்.

பின்னேரம் நாலு மணிக்கு ஆட்டம் என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். அஸர் தொழுத கையோடு இரண்டு அணியும் மைதானத்தில் நின்றன. நாலு மணி ஆனது. "பிரதம அதிதி வந்துகொண்டிருக்கிறார்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பிள்ளைகள் உடம்பைச் சூடாக்கினார்கள், ஆறவிட்டார்கள், திரும்பவும் சூடாக்கினார்கள். கொண்டுவந்த தண்ணீர் ஆட்டம் தொடங்க முன்பே முடிந்துவிட்டது. நாலரைக்கும் அதே அறிவிப்பு. ஐந்து மணிக்குக் கிட்ட வாகனம் வந்தது. மாலை, பொன்னாடை, கொடியேற்றல், வரவேற்புரை, அதற்கு மேல் இன்னொரு உரை. வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொரு பிள்ளையின் கையையும் அதிதி குலுக்கினார். விசில் ஊதும்போது ஐந்து மணி தாண்டிவிட்டது. எங்கள் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்பி வயல் பக்கம் விழுகிறது. ஆடி மாதத்தில்கூட ஆறரைக்குப் பிறகு பந்து கண்ணுக்குத் தெரியாது. மைதானத்தில் விளக்கு இல்லை. இது தெரியாத ஒருவரும் அந்த மேடையில் இருக்கவில்லை.

முதல் பாதியில் நாங்கள் இரண்டு கோல் வாங்கினோம். அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. முதலாவது, கோர்னரிலிருந்து வந்த பந்து. அவர்களின் நெட்டைப் பிள்ளை ஒருவன் தலையால் போட்டான். இரண்டாவது எங்கள் பின்வரிசை பிளந்ததால் விழுந்தது. அவர்கள் நல்ல அணி. எங்களை விட உடம்பு, எங்களை விட வேகம். முந்தின வருஷமும் எங்களை அவர்கள்தான் வென்றார்கள்.

இடைவேளையில் ஒரு பிள்ளையும் தலையைக் குனியவில்லை. எங்கள் இடதுபக்கத்துப் பொடியனின் வலது பூட்ஸ் முன்னால் வாய் திறந்திருந்தது. அவன் ஒரு சைக்கிள் டியூப் துண்டைப் பல்லால் இழுத்து, பூட்ஸைச் சுற்றி இரண்டு சுற்றுக் கட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டே, "சேர், அவங்கட வலதுபக்கத்துப் பெக் களைச்சிட்டான். பந்த எனக்குத் தாங்க, நான் ஓடுறன்" என்றான். அவன் சொன்னபடியே ஆடினோம். ஓடினான். அவன் உள்ளே அடித்த பந்தில் முதல் கோல் விழுந்தது. இரண்டாவதை அவனே அடித்தான், அந்த டியூப் கட்டிய காலால். மைதானத்தைச் சுற்றி நின்ற சனம் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. அதற்குப் பிறகு எதிரணியால் தங்கள் பாதியை விட்டு வெளியே வரவே முடியவில்லை. இன்னும் பத்து நிமிடம் இருந்தது. எங்களுக்கு ஒரு கோர்னர் கிடைத்தது. அந்தப் பிள்ளை ஓடிப்போய்க் கொடியடியில் பந்தை வைத்து, இரண்டு எட்டுப் பின்னால் வந்து கையைத் தூக்கினான்.

அப்போதுதான் விசில் ஊதினார்கள். ஆட்டம் முடிந்தது என்றார்கள்.

வெளிச்சம் இல்லையாம். பந்து தெரிந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற எனக்கே தெரிந்தது. ஓடிப்போய்க் கேட்டேன். மஃரிபுக்கு முன் பரிசளிப்பை முடிக்க வேண்டும், அதிதிக்கு அடுத்த நிகழ்ச்சி இருக்கிறது என்று சொன்னார்கள். அப்படியென்றால் தண்ட உதையாவது கொடுங்கள் என்றேன். அதற்கும் நேரமில்லை என்றார்கள். இரண்டு தலைவர்களையும் கூப்பிட்டு நாணயத்தைச் சுண்டினார்கள். எங்கள் தலைவன் தலை கேட்டான், பூ விழுந்தது. அவ்வளவுதான். ஒரு மழைக்காலம் முழுக்கச் சேற்றில் ஓடிய பிள்ளைகளின் கணக்கு அந்த ஒரு சுண்டலில் முடிந்தது.

எதிரணித் தலைவனுக்கும் அந்த வெற்றி வேண்டியிருக்கவில்லை. "நாளைக்கி வைங்க சேர், நாங்க வாறம்" என்று அவன் எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னான். பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த நீதி பெரியவர்களுக்குத் தெரியவில்லை. அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். பிறகு பரிசளிப்பு நடந்தது. பந்து தெரியாது என்று ஆட்டத்தை நிறுத்தியவர்கள், போன் வெளிச்சத்தில் நின்று பதக்கம் போட்டுப் படம் எடுத்தார்கள்.

பத்து நிமிடத்தில் என்ன பெரிதாக நடந்துவிடும் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். 2022 டிசம்பர் 18ஆம் திகதி கட்டாரில் நடந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டியை இந்தக் கரையில் பார்க்காத வீடு இருக்கிறதா? எங்கள் வாப்பாமாரும் காக்காமாரும் வேலை செய்கிற நாட்டில் நடந்த போட்டி அது. எண்பதாவது நிமிடம் வரும்வரை ஆர்ஜென்டீனா 2–0 என்று முன்னால் நின்றது. எம்பாப்பே 80ஆவது நிமிடத்தில் ஒன்று, 81ஆவது நிமிடத்தில் இன்னொன்று அடித்தார். ஆட்டம் மேலதிக நேரத்துக்குப் போய் 3–3 ஆகி, கடைசியில் தண்ட உதையில்தான் ஆர்ஜென்டீனா வென்றது. எழுபத்தொன்பதாவது நிமிடத்தில் யாரோ ஒரு பெரிய மனிதருக்கு வேறு நிகழ்ச்சி இருக்கிறது என்று அங்கே விசில் ஊதியிருந்தால் உலகம் பொறுத்துக்கொண்டிருக்குமா? பின்தங்கிய அணி மீண்டு வருவதற்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நேரம். திறமை பிள்ளைகளிடம் இருந்தது, மூச்சு இருந்தது, மனம் இருந்தது. நேரத்தை மட்டும் பெரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

விதி என்ன சொல்கிறது என்றும் கேட்கிறேன். உதைபந்தாட்டத்தின் 7ஆவது விதி ஆட்ட நேரத்தைப் பற்றியது. நேரத்தைக் குறைப்பதென்றால் மத்தியஸ்தரும் இரண்டு அணிகளும் ஆட்டம் தொடங்க முன்னர் உடன்பட்டிருக்க வேண்டும், போட்டியின் விதிகளும் அதற்கு இடம் தர வேண்டும் என்கிறது அது. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. இடையில் கைவிடப்பட்ட ஆட்டம் திரும்ப ஆடப்பட வேண்டும், போட்டி விதிகளோ ஏற்பாட்டாளர்களோ வேறு விதமாகத் தீர்மானித்தாலன்றி, என்றும் அதே விதி சொல்கிறது. "ஏற்பாட்டாளருக்கு அதிகாரம் இருக்கிறதே" என்று அந்தக் கடைசித் துண்டைப் பிடித்துக்கொள்வார்கள். இருக்கட்டும். அந்த அதிகாரத்தைப் பிள்ளைகளுக்காகப் பாவித்து, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாமே! அது ஏன் எப்போதும் பிள்ளைகளுக்கு எதிராகவே திரும்புகிறது? சமநிலையில் முடிந்த ஆட்டத்தில் வென்றவரைத் தீர்மானிக்கும் வழிகளை 10ஆவது விதி சொல்கிறது. மேலதிக நேரம் அதில் இருக்கிறது, தண்ட உதை இருக்கிறது. நாணயம் இல்லை.

ஒரு காலத்தில் நாணயமும் இருந்தது. 1968 ஜூன் 5ஆம் திகதி நேபிள்ஸ் நகரில் இத்தாலியும் சோவியத் ஒன்றியமும் ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் மேலதிக நேரமும் ஆடி 0–0 என்று நின்றன. நாணயம் சுண்டினார்கள், இத்தாலி இறுதிக்குப் போனது. அந்த இறுதிப் போட்டி யூகோஸ்லாவியாவோடு 1–1 என்று முடிந்தபோது அதை நாணயத்திடம் விடவில்லை. இரண்டு நாள் கழித்துத் திரும்ப ஆடவைத்தார்கள். 1970இல் தண்ட உதை முறை விதிப் புத்தகத்துக்குள் வந்தது. உலகம் கைவிட்டு அரை நூற்றாண்டு தாண்டிய ஒன்றை எங்கள் பிள்ளைகளின் தலையில் இன்னும் சுண்டுகிறார்கள்.

"பரவாயில்ல, அடுத்த வருஷம் பார்ப்பம்" என்று தோளில் தட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது அந்த வார்த்தையில்தான். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஏது அடுத்த வருஷம்? என் அணியில் பாதிப் பேருக்கு அடுத்த சுற்றுப்போட்டி வரும்போது வயது தாண்டிவிடும். சாதாரண தரப் பரீட்சை வந்து நிற்கும். ஒருவன் வாப்பாவோடு கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டான். இன்னொருவனுக்கு மருதமுனையில் கைத்தறிச் சாமான் விற்கிற கடையில் வேலை பேசியாகிவிட்டது. மேடையில் இருந்தவர்களுக்கு இது வருஷத்துக்கு ஒரு நிகழ்ச்சி. இந்தப் பிள்ளைகளுக்கு அது வாழ்நாளுக்கு ஒன்று.

இது எங்கள் ஊர் மேடையோடு முடிகிற நோயும் இல்லை. 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தைத் தூக்கிய நாடு இது. 2023 ஜனவரியில் அதே நாட்டின் உதைபந்தாட்டச் சம்மேளனத்தை பீபா இடைநிறுத்தியது. தேர்தல், பதவி, அரசியல் தலையீடு என்று மேலே இருந்தவர்கள் இழுபட்ட இழுவைக்கு விழுந்த அடி அது. ஓகஸ்ட் மாதக் கடைசியில்தான் தடையை எடுத்தார்கள். இடையில் பெங்களூரில் தெற்காசியச் சம்பியன்ஷிப் நடந்தது. குவைத்தும் லெபனானும் விருந்தாளிகளாக வந்து ஆடின, இலங்கை இல்லை. கதிரைக்காகச் சண்டை போட்டவர்களில் எவருடைய கால் வலித்தது? வாசலில் நின்றது விளையாட்டு வீரர்கள்தான். கொழும்பில் நடந்தாலும் கல்முனையில் நடந்தாலும் கணக்கு ஒன்றுதான்: பெரியவர்களின் மேடைக்கான விலையை ஆடுகிறவர்கள் கொடுக்கிறார்கள்.

ஆடுவதற்கு இடமே இல்லாத பிள்ளைகள் இவர்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வயல், இடையில் நெருங்கிக் கிடக்கிற வீடுகள். மைதானம் கிடைக்காத நாளில் கடற்கரையில்தான் ஓடுவார்கள். 2013இல் ஒலுவில் துறைமுகத்தைத் திறந்தார்கள். அதன் பிறகு ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் கரையை அரித்து உள்ளே வந்தது. தென்னைகள் விழுந்தன, தோணி இழுத்துப் போட்ட மணல் போனது. பிள்ளைகள் கல்லை வைத்துக் கோல் போட்ட இடமும் அதோடு போனது. 2004 டிசம்பர் 26இல் இந்த நாட்டில் கடல் அதிக உயிர்களைக் கொண்டுபோன மாவட்டம் அம்பாறை. அந்த அழிவுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்தான் என் அணி. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எழும்பி வருவது எப்படி என்று இவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 0–2 என்று நின்றபோது தலை குனியாததும் அதனால்தான். அப்படி எழும்பி வந்த பிள்ளைகளை நீங்கள் எழும்பியதற்காகத் தண்டித்தீர்கள்.

"விளையாட்டுத்தானே, இதைப் போய்ப் பெரிசாக்காதீங்க" என்று எனக்குப் புத்தி சொல்கிறவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. அடுத்த நாள் பயிற்சிக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். டியூப் கட்டி ஓடிய பிள்ளை வந்து மைதான ஓரத்தில் இருந்தான். "சேர், ஓடி என்ன செய்ற? அவங்க நினைச்ச நேரம் நிப்பாட்டுவாங்கதானே" என்றான். நான் அவனுக்கு என்ன சொல்வது? உழைத்தால் பலன் உண்டு என்று பள்ளிக்கூடத்திலும் சொல்கிறோம், பள்ளிவாசலிலும் சொல்கிறோம். அன்றைக்கு நீங்கள் அந்தப் பிள்ளைக்கு அதன் மறுபக்கத்தைப் படிப்பித்துவிட்டீர்கள். இது விளையாட்டோடு நிற்காது. நாளைக்குப் பரீட்சையிலும் வேலையிலும் வாக்குச் சீட்டிலும் அவன் இதையே நம்புவான்.

ஏற்பாட்டுக்குழுவினரே, உங்களில் பலர் நல்லவர்கள் என்று எனக்குத் தெரியும். ஓடியாடிக் காசு சேர்த்துத்தான் போட்டி நடத்துகிறீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அதிதி வரவில்லை என்றால் விசிலை ஊதுங்கள்; அவர் வந்து மிச்ச ஆட்டத்தைப் பார்க்கட்டும். உரைகள் ஆட்டத்துக்குப் பிறகு இருக்கட்டும். பொன்னாடைக்கும் நினைவுச் சின்னத்துக்கும் போகிற காசை விளக்குக்குச் சேருங்கள். இருட்டினால் ஆட்டத்தை மறுநாளுக்குத் தள்ளுங்கள் என்று போட்டி விதியிலேயே எழுதி வையுங்கள். நாணயத்தை எந்தப் பக்கம் யார் தொடங்குவது என்று பார்ப்பதற்கு மட்டும் எடுங்கள்.

அதற்கெல்லாம் முன்னதாக ஒன்று செய்ய வேண்டும். கிண்ணத்தை நீங்களே வைத்திருங்கள், எங்களுக்கு அவசரமில்லை. இரண்டு அணியையும் ஒரு பின்னேரம் கூப்பிடுங்கள். மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், மாலை வேண்டாம். ஒரு மத்தியஸ்தரும் ஒரு பந்தும் போதும். கணக்கு 2–2, எங்களுக்குக் கோர்னர், பத்து நிமிடம். அவர்கள் அடித்து வென்றால் முதல் ஆளாகப் போய் அந்தப் பிள்ளைகளைக் கட்டிப்பிடிக்கிறவன் நானாகத்தான் இருப்பேன். ஆனால் வென்றவன் யார், தோற்றவன் யார் என்பதைப் பிள்ளைகளின் கால்கள் சொல்லட்டும். வயது தாண்டுவதற்குள் கூப்பிடுங்கள்.