மான் வேட்டை: புட்டியில் அடைபடாத அறிவு

சென்ற குளிர்காலத்தில் கள ஆய்வுக்காக மராத்வாடாவின் சிற்றூர் ஒன்றில் சில நாள் தங்கியிருந்தேன். தக்காணத்தின் வேட்டை வரலாறே என் ஆய்வுப் பொருள். பாசே பார்தி சமூகத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர், சிறுவயதில் தம் தந்தையோடு வெளிமான் பிடிக்கச் சென்ற நினைவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சின் இடையே, அமெரிக்க மான் வேட்டைக்காரர்களுக்கான விளம்பரக் காணொளி ஒன்றை அவருக்குக் காட்டினேன். மனித வாடையை அறவே நீக்கிவிடுவதாகச் சொல்லும் ஒரு தெளிப்பானின் விளம்பரம் அது. ஒருவர் காலணி முதல் தொப்பி வரை அதைத் தெளித்துக்கொண்டு காட்டுக்குள் நுழைகிறார். முதியவர் இருமுறை பார்த்தார். பிறகு கேட்டார்: "இதை அடித்துக்கொண்டால் காற்று திரும்பி வீசுமா?"

உடனிருந்த நண்பர் சிரித்தார். கேட்டவர் சிரிக்கவில்லை; உண்மையாகவே விடை தெரிந்துகொள்ள விரும்பினார். அந்தக் கேள்வி என்னை விடாமல் பின்தொடர்ந்ததன் விளைவே இப்பதிவு.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். வேட்டைக்கு வக்காலத்து வாங்க நான் இதை எழுதவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் நம் நாட்டில் மான் வேட்டை குற்றம். வெளிமான் அச்சட்டத்தின் முதலாம் அட்டவணையில் இருக்கிறது. அச்சட்டம் தேவையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அமெரிக்காவின் நிலை வேறு. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைவால் மான்கள் ஐந்து லட்சம்கூட எஞ்சியிருக்கவில்லை என்பது பொதுவான மதிப்பீடு. இன்று அவை ஏறத்தாழ 3 கோடி. ஓநாயும் மலைச்சிங்கமும் பெரும்பகுதி நிலத்தினின்று துடைக்கப்பட்டுவிட்டதால், மான்களின் பெருக்கத்தைத் தடுப்பதில் வேட்டைக்காரருக்கு அங்கே ஒரு சூழலியல் பங்கு உண்டு. எனவே நான் கேட்பது வேட்டை கூடுமா கூடாதா என்பதை அன்று. வேட்டையறிவுக்கு என்ன நேர்கிறது என்பதையே கேட்கிறேன்.

அந்நாட்டுச் சந்தையில் விற்கப்படும் சரக்குகளைச் சற்றே பார்ப்போம். கரித்தூள் அடுக்கு வைத்துத் தைத்த, வாடை உறிஞ்சும் ஆடைகள். ஓசோன் வாயுவை உமிழும் கருவிகள். பருவமெய்திய பெண்மானின் சிறுநீர் அடைத்த புட்டிகள். கிளைக்குக் கிளை, இலைக்கு இலை அச்சிட்ட உருமறைப்பு உடைகள். மான் கடந்த நொடியிலேயே படம் பிடித்துக் கைப்பேசிக்கு அனுப்பும் தானியங்கிக் கேமராக்கள்.

இவற்றுள் பல, மானைவிட வாங்குபவரின் மனத்தையே குறிவைத்தவை. மானின் கண்ணுக்குச் சிவப்பும் செம்மஞ்சளும் மங்கலாகவே தெரியும்; நீலத்தை அது நன்றாகக் காணும். பாதுகாப்புக்காக அணியும் செம்மஞ்சள் மேற்சட்டை அதை அவ்வளவாகக் கலவரப்படுத்துவதில்லை. பளிச்சிடும் வேதிப்பொருள் கலந்த சலவைத்தூளில் துவைத்த உருமறைப்பு உடையோ கண்ணில் பட்டுவிடக்கூடும். உடையின் நிறம் எதுவாயினும், அசையாமல் நிற்கத் தெரியாதவனை அது காப்பாற்றாது.

வாடை நீக்கும் ஆடைகளின் கதை வழக்குமன்றம் வரை சென்றது. 'வாடையை ஒழிக்கும்' என்ற விளம்பரத் தொடர் நேரடிப் பொய் என 2010-இல் மினசோட்டாவின் கூட்டரசு மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது. 'ஒழித்தல்' என்ற சொல் முற்றாக ஒழித்தலையே குறிக்கும் எனக் கொள்ள வேண்டியதில்லை என்பது அதன் போக்கு. சட்ட நோக்கில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் மானின் மூக்கு சொற்பொருள் விளக்கங்களைக் கேட்பதில்லை. எஞ்சிய வாடை எவ்வளவு சிறிதாயினும் காற்று அதைக் கொண்டுசெல்லும்.

சிறுநீர்ப் புட்டியின் தீங்கு இதனினும் பெரிது. மான்களின் மூளையைச் சிதைத்து அவற்றை மெலிந்து சாகச் செய்யும் நலிவு நோய் ஒன்று வட அமெரிக்காவில் பரவிவருகிறது. நோயுற்ற மானின் சிறுநீரிலும் நோய்க்காரணியான பிரியான் புரதம் வெளியேறுகிறது. வளர்ப்பு மான்களிடம் சேகரித்துப் புட்டியில் அடைத்த சிறுநீர் நோயைப் புதிய காடுகளுக்குக் கொண்டுசெல்லக்கூடும் என்ற அச்சத்தால் பல மாநிலங்கள் அதன் பயன்பாட்டைத் தடைசெய்துள்ளன.

மறுபுறம், மரபான வேட்டையறிவு என்பது என்ன? மலைச்சரிவில் காலை வெயில் ஏறும்போது காற்று மேல்நோக்கி எழும். மாலையில் குளிர்ந்து கீழிறங்கும். ஆகவே காலையில் மானுக்கு மேலேயும் மாலையில் கீழேயும் இருக்கவேண்டும். இளமரப் பட்டையில் கொம்பு தேய்த்த வடு, தாழ்ந்த கிளையின் கீழே குளம்பால் கீறிய மண், புழுக்கையின் ஈரம், புல் மடங்கிய படுக்கை, ஓக் மரம் கொட்டை உதிர்க்கும் வாரம் ஆகிய ஒவ்வொன்றும் அறிந்தவனுக்கு ஒரு செய்தி.

அம்போ தோட்டாவோ பட்ட பிறகும் அறிவு தேவை. தரையில் நுரைத்த செங்குருதி கண்டால் நுரையீரல் துளைபட்டது. மான் அருகிலேயே விழுந்திருக்கும். கருத்த குருதியோடு செரிக்காத தழை கலந்திருந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது. பல மணி நேரம் பொறுத்தே தொடரவேண்டும். அவசரப்பட்டால் காயம்பட்ட உயிர் எழுந்தோடி, எங்கோ ஒரு புதரில் யாருக்கும் பயனின்றித் துடித்துச் சாகும். இங்கே அறிவின் குறைபாடு நேரே கொடுமையாக மாறுகிறது.

விலங்கின் மனத்தை அறிதல் வேட்டையின் பயன் என்பதை நம் பழைய நூல்களும் கண்டிருக்கின்றன. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் அரசனின் தீப்பழக்கங்களுள் வேட்டையை எண்ணினாலும், ஓடும் இலக்கில் குறி பழகுதலையும், விலங்குகள் அஞ்சும்போதும் சினக்கும்போதும் அவற்றின் உள்ளம் போகும் போக்கை அறிதலையும் அதன் நன்மைகளாகக் குறிக்கிறது. காளிதாசனின் சாகுந்தலத்தில் படைத்தலைவனும் ஏறக்குறைய இதையே சொல்கிறான்.

இவ்விடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். பழைய வேட்டுவனும் கருவியோடும் தந்திரத்தோடும்தானே சென்றான்? வில்லும் ஒரு காலத்தில் புதுமைதானே?

உண்மை. தந்திரம் வேட்டையோடு பிறந்தது. காட்டு மானை ஈர்க்கப் பழக்கி வைத்த மானுக்குச் சங்கத்தமிழ் 'பார்வை' என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறது. புறநானூற்றின் 320-ஆம் பாடலில் வேட்டுவன் அயர்ந்து உறங்குகிறான். முற்றத்தில் அவனுடைய பார்வைப் பிணையோடு காட்டுக் கலைமான் ஒன்று கூடி விளையாடுகிறது. கணவன் விழித்துவிடுவானோ, கலை பிரிந்துவிடுமோ என்று அஞ்சி மனைவி அசையாமல் இருக்கிறாள். காயவைத்த தினையைக் கானக்கோழியும் இதலும் தின்றுவிடுகின்றன. அக்பரின் அவையிலும் பழக்கிய மானின் கொம்பில் வலை கட்டி அனுப்பிக் காட்டு மானைச் சிக்கவைக்கும் வழக்கம் இருந்ததை அயினி அக்பரி விவரிக்கிறது. பாசே பார்தியரோ மேயும் மாட்டின் மறைவில் அடியடியாக மந்தையை அணுகி, நரம்பால் முறுக்கிய சுருக்குகளைப் பதித்தார்கள். அவர்களுடைய பெயரிலேயே பாசம், அதாவது சுருக்குக் கயிறு, இருக்கிறது.

இவையும் தந்திரங்களே. ஆயினும் பார்வை மானை எவரும் பெட்டியில் போட்டு வாங்கிவர முடியாது. குட்டியாய் எடுத்து வளர்க்கவேண்டும். அதன் பசியையும் பருவத்தையும் அச்சத்தையும் உடனிருந்து அறியவேண்டும். அறிந்த பின்னரே அது கருவியாகும். மாட்டைப் பழக்குவதும் அப்படியே. ஆகவே பழையது புதியது என்ற கோடு நமக்கு உதவாது. கருவியைச் சோதிக்க நான் முன்வைக்கும் கேள்வி இது: கையாள்பவனிடம் அது மேலும் கவனத்தைக் கேட்கிறதா, அல்லது கவனத்திலிருந்து விடுதலையை விலைக்குத் தருகிறதா? காயத்தைக் குறைக்கும் நல்ல குறிநோக்கியும், மரமேறுபவனைக் காக்கும் இடைவாரும் இச்சோதனையில் தேறும். காற்றை மறந்துவிடலாம் என்று சொல்லும் புட்டி தேறாது.

அமெரிக்கர்களே இதை உணராமல் இல்லை. 1948-இல் மறைந்த ஆல்டோ லியோபோல்டு, தம் வில்லைத் தாமே செதுக்கிக்கொண்ட வேட்டைக்காரர். அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய நூலில், கருவி வணிகம் காட்டறிவுக்கும் தற்சார்புக்கும் பதிலியாகிவருவதைக் கடிந்து எழுதியிருக்கிறார். வேட்டைக்காரனைக் கைதட்டவோ கண்டிக்கவோ காட்டில் பார்வையாளர் இல்லை. எனவே அவன் தன் மனச்சான்றுக்கே கட்டுப்பட்டவன் என்பது அவர் கருத்து. 2022 சனவரி முதல் அரிசோனா மாநிலம் வேட்டைக்குத் தானியங்கிக் கேமராக்களைப் பயன்படுத்துவதைத் தடைசெய்துவிட்டது.

வணிகத்தின் பக்கமும் நியாயம் உண்டு. 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீள்துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் விதிக்கப்படும் 11 விழுக்காட்டு வரி வனவுயிர்ப் பாதுகாப்புக்கே செல்கிறது. தந்தையிடம் கற்கும் வாய்ப்பிழந்து, ஆண்டுக்குச் சில நாளே விடுப்புப் பெறும் நகரவாசி புட்டியை நாடுவதையும் என்னால் இகழ முடியவில்லை. கற்பிக்க ஆளில்லாத இடத்தில் சந்தை நுழைகிறது. கற்றலுக்கு ஆண்டுகள் ஆகும். அதைப் பொதிந்து விற்க முடியாது. கற்காமலிருக்கும் வசதியை விற்க முடியும்.

நம் நாட்டு வரலாறு இன்னொன்றையும் காட்டுகிறது. திறன் ஓர் எல்லையாகவும் இருந்தது. மாட்டின் பின்னே மறைந்து ஒரு மந்தையை அணுக அரை நாள் ஆகும். அரை நாளுக்கு ஒன்றிரண்டு மானே அகப்படும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜீப்பும் ஒளிவிளக்கும் வந்தன. இரவில் கண்கூசி நிற்கும் மந்தையைச் சுட, காற்றும் தெரியவேண்டாம், தடமும் தெரியவேண்டாம். தக்காணச் சமவெளிகளில் வெளிமான் மந்தைகள் அருகிப்போனதில் மேய்ச்சல் நிலம் உழுநிலமானதற்குப் பங்குண்டு. அந்த ஜீப்புகளுக்கும் பெரும் பங்குண்டு. ஆனால் குற்றவாளி என்ற பெயர் யாருக்கு ஒட்டியது? 1871-இல் தொடங்கிய குற்றப் பழங்குடியினர் சட்டங்களின் வலையில் பார்தியர் விழுந்தனர். 1952-இல் அச்சட்டம் நீங்கியும் காவல்துறையின் ஐயம் நீங்கவில்லை. விளக்கடித்துச் சுட்டவர்களின் வீட்டுச் சுவர்களில் கொம்புகள் அலங்காரமாகத் தொங்கின.

வேட்டை தடைசெய்யப்பட்ட நாட்டில் இதையெல்லாம் ஏன் எழுதவேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். மான் வேட்டை நின்றது. தடம் பார்க்கும் தேவை நிற்கவில்லை. அத்தேவை இன்று நம் ஆய்வுத்துறைக்கு வந்திருக்கிறது. 2018-ஆம் ஆண்டின் புலிகள் மதிப்பீட்டில் 26,838 இடங்களில் தானியங்கிக் கேமராக்கள் வைக்கப்பட்டு, 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன. அது பெரும் சாதனை. ஆனால் கேமராவை எந்தத் தடத்தில் கட்டுவது என்பதை அடிச்சுவடும் எச்சமும் கீறலும் பார்த்தே முடிவுசெய்யவேண்டும். களத்தில் அம்முடிவுக்குப் பெரும்பாலும் துணைநிற்பவர் நாட்கூலிக்கு வரும் ஒரு காட்டுவாசி. கட்டுரையில் கேமராவின் மாதிரி எண் இருக்கும். அவர் பெயர் நன்றியுரையில்கூட இருக்காது. அடுத்த தலைமுறையில் அவர் மகன் கட்டட வேலைக்குப் போய்விட்ட பிறகு, நம் கேமராக்களை எங்கே கட்டுவோம்?

வேறு வழி உண்டு. கலஹாரியின் சான் வேட்டுவரோடு பழகிய லூயி லீபன்பெர்க், தடம் பார்த்தலே அறிவியலின் தோற்றுவாய் என்று 1990-இல் ஒரு நூலில் வாதிட்டார். 1990-களின் பிற்பகுதியில், எழுத்தறியாத தடம்பார்ப்போரும் தாம் கண்டதைப் பதிவுசெய்யும்படி, படக்குறிகளால் இயங்கும் கையடக்கக் கணினிச் செயலி ஒன்றை உருவாக்கச் செய்தார். காண்டாமிருகத் தடங்களை அதில் பதிந்த அனுபவம் பற்றி 1999-இல் வெளிவந்த ஆய்வுக்குறிப்பில், தென்னாப்பிரிக்கப் பூங்காவின் தடம்பார்ப்போர் இருவர் இணையாசிரியர்கள். அதுவும் மின்னணுக் கருவிதான். ஆனால் அறிந்தவனின் கண்ணை நம்பி அமைந்த கருவி.

களப்பணிக்குச் செல்லும் மாணவ நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை உங்கள் ஆய்வேட்டில் 'முறையியல்' என்ற இயலை எழுதும்போது, கருவிகளின் பட்டியலுக்கு முன்னால், உங்களை வழிநடத்தியவர் எதைப் பார்த்து எப்படி முடிவுசெய்தார் என்பதை அவர் இசைவோடு, அவர் பெயரிட்டு எழுதுங்கள். நெறியாளர் மறுத்தால் காரணம் கேளுங்கள். என் ஆய்வேட்டில் அந்த முதியவருக்கு உரிய இடத்தைக் கேட்டு நான் விண்ணப்பித்திருக்கிறேன். விடை வந்ததும் இங்கே பகிர்வேன்.