பல்லவரை மனப்பாடம் பண்ணினா போதுமா?



பரீட்சை வந்தா சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன்னு வரிசையா ஒப்பிக்கிறோம். ஜெர்மனிப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். 962-ல் பேரரசராக முடிசூடிய ஓட்டோவுக்குப் பிறகு அவர் மகன் ஓட்டோ, பேரன் ஓட்டோ! ராஜா பேரை மட்டும் படிப்பது வரலாறு ஆகாது என்பது என் கருத்து.

காரணம் நம்ம பாகூரிலேயே இருக்கிறது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், சுமார் கி.பி. 877-ல் எழுதப்பட்டது பாகூர்ச் செப்பேடு. அதில் வடமொழிப் பகுதி பல்லவ வம்சத்தைப் பிரம்மாவிலிருந்து தொடங்கிப் புகழ்கிறது. தமிழ்ப் பகுதியோ எந்த ஊர், எல்லை எது என்று சொல்கிறது. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற 3 ஊர்களின் வருமானம் பாகூர்க் கல்லூரிக்குக் கொடுக்கப்பட்டது. அதாவது 1100 வருஷத்துக்கு முன்னாடியே இங்கே கல்லூரி!

பல்லவர் போய்ச் சோழர் வந்த பிறகும் நம்ம பக்கம் படிப்பு நிற்கவில்லை. திருபுவனையில் முதலாம் ராஜாதிராஜன் காலத்து 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 12 ஆசிரியர், 260 மாணவர் கணக்கு இருக்கிறது.

இதைக் கேட்டால் பெருமையாகத்தான் இருக்கு. ஆனா ஒரு கேள்வியும் கேட்கணும். அங்கே யார் படிச்சாங்க? வேதமும் சாஸ்திரமும் படித்த பிராமண ஆண்பிள்ளைகள்தான். அந்த 3 ஊர் வயலில் நாற்று நட்ட பெண்ணின் உழைப்பும் அந்த வருமானத்தில் சேர்ந்துதானே இருக்கும்? அவள் மகளுக்கு அங்கே இடம் கிடையாது.

இன்றைக்கும் ஊர்ப்பணத்தில், வரிப்பணத்தில்தான் நம் பள்ளி நடக்கிறது. ஆனால் இப்போ எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்கிறோம். எந்த வம்சமும் செய்யாத காரியம் இது. அதனால “பொம்பளப் புள்ளைக்குப் பத்தாவது போதும்” என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீங்க. 1100 வருஷம் கழிச்சுக் கிடைச்ச இடத்தை நாமே காலி பண்ணலாமா?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாருக்குப் பின் யார் என்று கேட்பதோடு, யார் பணம், யாருக்குப் படிப்பு என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் எழுத நாங்க ரெடி!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி