இந்தூருக்கு அப்பாலும் எக்ஸ் கதிர் வேண்டும்

நாட்டின் சிங்க்ரோட்ரான் வசதி இன்றளவும் ஒரே ஊரில்தான் இருக்கிறது. இந்தூரில், அணுசக்தித் துறையின் ராஜா ராமண்ணா மையத்தில், இண்டஸ்-1, இண்டஸ்-2 என்ற இரு எலெக்ட்ரான் சேமிப்பு வளையங்கள் உள்ளன. இண்டஸ்-2-ன் சுற்றளவு 172.5 மீட்டர். அதில் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் சுற்றும் எலெக்ட்ரான்களைக் காந்தங்கள் வளைக்கும்போது பிறக்கும் எக்ஸ் கதிர், புரதம் முதல் உலோகக் கலவை வரை பொருள்களின் உள்ளமைப்பைக் காட்டித் தருகிறது. இதனினும் கூரிய கதிர் தேவைப்படுவோர் ஹாம்பர்குக்கும் இத்தாலியின் டிரியஸ்டேவுக்கும் செல்கின்றனர். அங்குள்ள கதிர்ப்பாதைகளுக்கு இந்திய அரசும் நிதி வழங்கியுள்ளது.

இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், அடுத்த பெரிய வளையம் எங்கே என்ற கேள்வியோடு அறிவியல் அமைச்சகங்களின் சிந்தனை நின்றுவிடக் கூடாது.

லிட்டில் அந்தமானின் துறைமுகமான ஹட் பேயை எடுத்துக்கொள்வோம். 2004 சுனாமியில் சிதைந்து மீண்ட ஊர் அது. ஸ்ரீ விஜயபுரத்தை (2024 வரை போர்ட் பிளேர்) அடையவே கப்பலையோ ஹெலிகாப்டரையோ எதிர்பார்க்க வேண்டும். அந்தமான் கடலின் பவளப் பாறைகள் 2010-ல் பெருமளவு வெளிறின. பவளத்தை மெல்லிய பலகையாக அறுத்து எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தால், மர வளையங்களைப் போல ஆண்டுக்காண்டு வளர்ச்சி தெரியும். இதற்குச் சிங்க்ரோட்ரான் தேவையில்லை; மருத்துவமனையில் உள்ளது போன்ற கருவியே போதும். இந்த மாதிரிகளை இந்தூருக்கு அனுப்பச் சொல்வது, கொசுவை அடிக்கப் பீரங்கி தேடுவதாகும்.

சிறிய கருவி என்றால் சிறிய அறிவியல் என்று பொருளல்ல. தமிழர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பை முன்வைத்தபோது, அவர்களிடம் இருந்தது சாதாரண எக்ஸ் கதிர்க் குழாய்தான். மாதிரி கிடைத்தது அண்டை வீடான மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து.

தொழில்நுட்பமும் இப்போது அந்தத் திசையில் முன்னேறியிருக்கிறது. திடமான உலோகத் தகட்டுக்குப் பதிலாகப் பாயும் திரவ உலோகத் தாரையின்மீது எலெக்ட்ரான் கற்றையைச் செலுத்தும் குழாய்கள் ஆய்வகங்களுக்கு வந்துவிட்டன. தாரை உருகிவிடும் என்ற அச்சம் இல்லாததால் கூடுதல் ஆற்றலைச் செலுத்த முடிகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2015-ல் நிறுவிய கருவியோ, ஓர் அறைக்குள் அடங்கும் வளையத்தில் எலெக்ட்ரான்களை லேசர் ஒளியோடு மோதவிடுகிறது. பெரிய வளையங்களில் காந்தம் செய்யும் வேலையை லேசர் செய்வதால், எலெக்ட்ரான்களுக்குத் தேவைப்படும் ஆற்றல் பல மடங்கு குறைகிறது.

இவை சிங்க்ரோட்ரானுக்கு முழு மாற்று அல்ல. கதிரின் பிரகாசத்தில் இவை வெகுவாகப் பின்தங்கியவை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு 2009 நோபல் பரிசைப் பெற்றுத் தந்த ரைபோசோம் ஆய்வுக்குப் பெரிய வளையங்களே கைகொடுத்தன. ஆயினும், அன்றாடச் சோதனைகள் உள்ளூரிலேயே முடிந்தால், பெரிய வளையத்தின் நேரம் அதற்கே உரிய பணிகளுக்கு மிஞ்சும்.

அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டத்தை 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது, ஐந்தாண்டுகளில் ரூ.50,000 கோடி எனக் கணக்கு காட்டப்பட்டது. அதில் பெரும்பகுதி அரசு சாராத வழிகளில் வர வேண்டியது. தனியார் கொடையாளர் கடைக்கோடித் தீவைத் தேடிச் செல்வார் என நம்ப இடமில்லை. எனவே அரசின் பங்கில்தான் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும், தீவுத் தலைநகரில் இயங்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகக் கடலியல் துறைக்கும் இத்தகைய கருவிகளை ஒதுக்க வேண்டும். அந்தமானுக்கு மக்களவையில் ஒரே உறுப்பினர், மாநிலங்களவையில் எவருமில்லை. மானியக் கோரிக்கை விவாதத்தில் இதைத் தமிழக உறுப்பினர்கள் எழுப்பலாம்.