சாளரம் இல்லாத அடுக்களை

மதுரையின் பழைய வீடுகளுக்குள் சென்று வந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். தெருவை நோக்கித் திண்ணை. அதனையடுத்துக் காற்று வந்து போகும் கூடம். கடைக்கோடியில், ஒளியும் காற்றும் எட்டாத மூலையில் அடுக்களை. மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் இத்தகைய வீடுகள் இன்றும் உள்ளன. நல்ல காற்று விருந்தினருக்கு, புகை சமைப்பவருக்கு என எவரும் விதி எழுதி வைக்கவில்லை. கட்டட அமைப்பே அவ்வாறு பங்கிட்டுவிட்டது.

நகரைக் கடந்து மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் சென்றால் நிலைமை வேறு. தமிழக அரசு வழங்கிய விலையில்லா அடுப்பாலும், 2016இல் தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டத்தாலும் எரிவாயு பல குடிசைகளையும் எட்டிவிட்டது. ஆயினும் கொல்லைப்புறத்து விறகடுப்பு அணையவில்லை. வெந்நீர் வைக்கவும், நெல் அவிக்கவும் அதுவே உதவுகிறது. சீமைக்கருவேல விறகும் பருத்திமாரும் காசின்றிக் கிடைக்கின்றன. உருளைக்கோ பணம் வேண்டும். இதனை மக்களின் அறியாமை என்பாரும் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. கூலி வேலைக்குச் செல்லும் ஒரு தாய் போடும் குடும்பக் கணக்கு அது.

அந்தக் கணக்கில் சேராத செலவு ஒன்று உண்டு. விறகுப் புகையிலுள்ள நுண்துகள்களுள் 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த விட்டமுடையவை, தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. அவை நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் வரை சென்று அழற்சியை உண்டாக்குகின்றன. அதன் விளைவு இரத்தக் குழாய்களையும் தாக்குகிறது. புகை என்றால் இருமலையே நாம் நினைக்கிறோம். ஆனால், 2020இல் வீட்டுக்காற்று மாசினால் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரைக் கொண்டுசென்றது இதயத் தமனி நோய். நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் பக்கவாதத்தால் இறந்தனர்.

இங்கு ஓர் ஆய்வைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளில் ஏறத்தாழ 3200 கருவுற்ற பெண்களிடம் அது நடத்தப்பட்டது. இந்தியப் பகுதியைச் சென்னை, ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் விழுப்புரம், நாகப்பட்டினம் வட்டாரச் சிற்றூர்களில் மேற்கொண்டனர். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் எரிபொருளும் இலவசமாகக் கிடைத்தன. ஒரு கன மீட்டர் காற்றில் அவர்கள் சுவாசித்த நுண்துகள் ஏறத்தாழ 24 மைக்ரோகிராம். விறகடுப்பைத் தொடர்ந்தோர் சுவாசித்ததோ 70க்கும் மேல். எனினும், 2022இல் முடிவு வெளிவந்தபோது, இரு பிரிவினரின் குழந்தைகளிடையே பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அப்படியாயின் புகையால் தீங்கில்லையா? அம்முடிவுக்கு விரைவது தவறு என்பதே என் கருத்து. அடுப்பு வந்தபோது கரு உருவாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அந்தப் பெண்களுள் பலர் சிறுமியராக இருந்த காலந்தொட்டே புகையில் வளர்ந்தவர்கள். மேலும், அந்த 24 என்பதும் ஒரு நாளுக்குப் பரிந்துரைக்கப்படும் 15ஐ விட மிகுதியே. தாமதமாக வந்த உதவியின் பயனைச் சில மாதங்களில் அளக்க இயலுமா?

விறகடுப்பே இல்லாத நகரவாசிகளும் தப்பியவர்கள் அல்லர். ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதும் எரியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்கு ஈடாகலாம் என 2003இல் வெளியான ஆய்வு கூறுகிறது. கதவையும் சாளரத்தையும் அடைத்த அறையில் அதனை ஏற்றிவைத்து உறங்குகிறோம். உடல் எடை கூடும்போது நிமிடத்திற்கு உள்ளிழுக்கும் காற்றின் அளவும் கூடுகிறது. அதே அறையில் பருத்தவர் பெறும் துகள் மிகுதி. இரவுப் பரோட்டாவும் அசையாத வாழ்வும் ஏற்கெனவே அழுத்தும் இதயத்தின்மீது இது மற்றொரு சுமை. இந்தியருக்கு உடல் நிறைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே அதிக எடை என்பதையும் மாணவர்கள் அறிதல் வேண்டும்.

நெஞ்சுவலி என்று வரும் ஆடவரிடம் மருத்துவர் முதலில் புகைப்பழக்கம் உண்டா என வினவுகிறார். முப்பது ஆண்டுகள் அடுப்படியில் அமர்ந்த பெண்ணிடமும் அதே வினாவைக் கேட்டால், இல்லை என்றே அவர் விடையளிப்பார். ‘எந்த அடுப்பில் சமைத்தீர்கள், அம்மா? அங்கே சாளரம் இருந்ததா?’ என்னும் இரு வினாக்களும் மருத்துவக் குறிப்பேட்டில் இடம்பெற வேண்டும்.