சங்கு ஊதாத மார்கழி இரவு: எண்ணூரில் யார் அண்டை வீட்டார்?

2023 டிசம்பர் 26, ஆழிப்பேரலையின் பத்தொன்பதாம் ஆண்டு நினைவுநாள். எண்ணூர்க் கடற்கரைக் குப்பங்களில் அன்றைய அஞ்சலி முடிந்து மக்கள் உறங்கிய பிறகு, நள்ளிரவை நெருங்கும் வேளையில், கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து திரவ அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. மூச்சுமுட்டும் நெடியும் கண்ணெரிச்சலுமே பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்களை எழுப்பின. எச்சரிக்கைச் சங்கு எதுவும் தங்களுக்குக் கேட்கவில்லை என்றே அவர்கள் கூறினர். விழித்தவர்கள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். முதியவர்களையும் குழந்தைகளையும் ஆட்டோவிலும் இருசக்கர வாகனத்திலும் ஏற்றி அனுப்பிவிட்டு, மற்றவர்கள் நடந்தே வெளியேறினார்கள். ஏறத்தாழ ஐம்பது பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

ஆலை வாயிலருகே காற்றில் ஒரு கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பதிவுசெய்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 400. கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் 49 இருந்தது. கசிவை விரைந்து சரிசெய்துவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. ஆனால் குப்பத்து மக்களின் கேள்வி குழாயைப் பற்றியது மட்டுமன்று. எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்பதே அவர்களின் முதற் கேள்வி.

இக்கேள்விக்குச் சட்டத்தில் இடமுண்டு. போபால் பேரழிவுக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-பி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அபாயகரமான தொழில் நடத்துபவர், விபத்து நேர்ந்தால் மேற்கொள்ள வேண்டிய பாதுகாப்பு முறைகளைத் தொழிலாளர்களுக்கு மட்டுமல்லாமல், ஆலைக்கு அருகில் வசிக்கும் பொதுமக்களுக்கும் தெரிவித்திருக்க வேண்டும் என அது விதித்தது. 1989-ஆம் ஆண்டின் அபாயகரமான வேதிப்பொருள்கள் விதிகள், ஆலைக்கு வெளியே செயற்படுத்த வேண்டிய அவசரகாலத் திட்டத்தை மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கின. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதற்கு ஒத்திகை நடத்தப்பட வேண்டும் என்றும் கூறின. அதாவது, ஆலைச் சுவரை ஒட்டி வாழ்பவர் சட்டத்தின் கண்ணில் வெறும் பார்வையாளர் அல்லர். தகவல் பெறும் உரிமையுள்ள அண்டை வீட்டார். அவ்வுரிமை தாளிலேயே நின்றுவிட்டதால், அரசும் ஆலையும் செய்ய வேண்டிய வேலையை நள்ளிரவில் கதவைத் தட்டிய கைகள் செய்தன.

குளிர்காலம் இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. தெளிந்த பனிக்கால இரவுகளில் தரையை ஒட்டிய காற்று மேலுள்ள காற்றைவிட விரைவாகக் குளிர்ந்து, மூடிபோட்டதைப் போலத் தேங்கி நிற்கும். புகையும் வாயுவும் மேலெழுந்து கலைவதில்லை. அம்மோனியா காற்றைவிட இலேசானது என்பது பாடநூற் செய்தி. ஆனால், மைனஸ் 33 டிகிரிக் குளிரில் திரவமாக வைக்கப்பட்ட அம்மோனியா வெளியேறும்போது ஈரக்காற்றுடன் சேர்ந்து மூடுபனியாகித் தரையோடு படரக்கூடும். அவ்வேளையில் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும். இந்த இரண்டு வரிச் செய்தியைக் குப்பத்துச் சுவரில் எழுதிவைக்கப் பெருஞ்செலவு ஆகாது. போபாலில் 1984 டிசம்பர் 2 இரவு நச்சுவாயு பரவியதும் இதைப்போன்றதொரு குளிரிரவில்தான். அங்கும் ஆலைச் சுவரை ஒட்டியிருந்தவை ஏழைகளின் குடியிருப்புகளே.

நச்சுக்காற்று சாதி பார்ப்பதில்லை என்று மேடைகளில் சொல்வார்கள். ஆலைக்கு இடம் தேர்பவர்கள் பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அனல்மின் நிலையங்கள், சுத்திகரிப்பு ஆலை, சாம்பல் குளம், நிலக்கரித் துறைமுகம் ஆகிய அனைத்தும் மீனவர்களும் தலித் உழைப்பாளர்களும் இருளர்களும் வாழும் வடசென்னை நிலத்திலேயே குவிந்திருப்பது தற்செயலன்று. 2011-இல் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் சென்னை மாநகராட்சியின் முதல் மண்டலத்துக்குள் வந்தன. பெயர் மாநகரம் ஆயிற்று. வாழ்க்கை இன்னும் ஊர்ப் பஞ்சாயத்தையும் ஆற்றின் ஏற்றவற்றத்தையும் நம்பியே நடக்கிறது.

அந்த ஆறு கசிவுக்கு மூன்று வாரங்களுக்கு முன்புதான் கறுத்திருந்தது. மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலியிலுள்ள சென்னை பெட்ரோலியம் நிறுவன வளாகத்திலிருந்து வெளியேறிய எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் படர்ந்தது. வாளியும் குவளையும் கொண்டு அதை அள்ளியவர்கள் மீனவர்கள். வெள்ளநீரோடு வீடுகளுக்குள்ளும் எண்ணெய் புகுந்தது. தமிழ்நாடு அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது: 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைச் சீரமைக்கத் தலா 10,000 ரூபாய், பாதிக்கப்பட்ட 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய்.

இத்தொகை போதுமா என்பது ஒரு கேள்வி. அதைவிட ஆழமான கேள்வி, இந்த மூன்று வரிகளில் யார் எந்த வரியில் வருகிறார் என்பது. எண்ணூர் ஆற்றில் படகும் வலையும் இல்லாமல், இடுப்பளவுச் சேற்றுநீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் சேர்ப்பவர்கள் இருளர்கள், பெரும்பாலும் பெண்கள். எண்ணெய் அவர்களின் தோலில்தான் முதலில் ஒட்டுகிறது. சீரமைக்க அவர்களிடம் படகு இல்லை. அவர்களது குடும்பம் ‘மீனவர் குடும்பம்’ ஆவதும் ஆகாததும் பட்டியல் எழுதும் அலுவலரின் கையில் இருக்கிறது. மீன் விற்கும் பெண், சுமை தூக்குபவர், கருவாடு உலர்த்தும் கூலியாள் ஆகியோரும் இதே நிலையில்தான் நிற்கிறார்கள். ஆறு செத்தால் இவர்கள் அனைவரின் அடுப்பும் ஒருசேர அணைகிறது. நிவாரணத்தின் வரையறை மட்டும் படகின் அளவிலேயே நிற்கிறது.

இது புதிதன்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, தமிழகக் கடலோரத்தில் தலித்துகள் நிவாரண முகாம்களில் ஒதுக்கப்பட்டதையும், சொந்தப் படகு இல்லாத கூலிகளின் இழப்பு கணக்கில் வராமற்போனதையும் மனித உரிமை அமைப்புகள் அப்போதே ஆவணப்படுத்தின. ‘ஊரே திரண்டது’ என்று நாளேடுகள் எழுதும்போதெல்லாம் அந்த ‘ஊர்’ என்னும் சொல்லுக்குள் சேரி இருக்கிறதா என்று நாம் கேட்பது இதனால்தான். டிசம்பர் 26 இரவில் தட்டப்பட்ட கதவுகளுக்குப் பட்டியல் இல்லை. மறுநாள் தொடங்கும் கணக்கெடுப்பில்தான் அண்டை வீட்டார் வகைவகையாகப் பிரிக்கப்படுகிறார்கள். எனவே, இழப்பீட்டுக்கு அளவுகோல் தொழிலட்டையாகவோ படகுப் பதிவாகவோ இருத்தல் கூடாது. சட்டம் ஏற்கெனவே வைத்திருக்கும் ‘அருகில் வசிப்போர்’ என்னும் வரையறையே அளவுகோலாக வேண்டும். எச்சரிக்கப்படும் உரிமை எவருக்கு உண்டோ, அவருக்கு ஈடு பெறும் உரிமையும் உண்டு.

அதன்பின் முப்பத்துமூன்று கிராமங்களின் பெயரால் ஆலைக்கு எதிரான போராட்டம் நூறு நாள்களைக் கடந்து நடந்தது. புயலில் கடலடிப் பாறைகள் நகர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று அரசு அமைத்த வல்லுநர் குழு கருதியது. புதிய குழாயையும் கசிவுணரிகளையும் நீர்த்திரையையும் பரிந்துரைத்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 5.92 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு விதித்தது. ஆலையை நிரந்தரமாக மூட வேண்டும் என்பதே மக்களின் கோரிக்கை. 2024-இல் அது மீண்டும் இயங்க அனுமதி பெற்றது. உணரிகள் ஆலைக்குள் இருப்போருக்கு எச்சரிக்கை தரும். அந்த எச்சரிக்கை எத்தனை நிமிடத்தில், எந்த ஒலியாக, எந்தக் குப்பத்தின் கடைசி வீடு வரை சென்று சேரும் என்பதே பெரியகுப்பத்துக்குத் தெரிய வேண்டிய செய்தி.

கல்லூரி மாணவர்கள் இதில் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்றுண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ச் சென்னை, திருவள்ளூர் ஆகிய இரு மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலும் மனு அளிக்கலாம். ஆலைக்கு வெளியிலான அவசரகாலத் திட்டத்தின் நகல், கடந்த ஐந்தாண்டுகளில் ஒத்திகை நடந்த தேதிகள், அவற்றில் எந்தெந்தக் குப்பங்களும் காலனிகளும் சேர்க்கப்பட்டன என்ற விவரம் ஆகியவற்றைக் கேட்கலாம். வரும் விடையை எர்ணாவூர் சுனாமி குடியிருப்பிலும் தாழங்குப்பத்திலும் ஆற்றங்கரை இருளர் குடிசைகளிலும் வாசித்துக் காட்டி, அந்த ஒத்திகையைப் பார்த்தவர் எவரேனும் உண்டா என்று கேட்க வேண்டும். அடுத்த மார்கழிக்கு முன் அது முடிந்தாக வேண்டும்.